திட்டமும் டைம்ஷீட்டும் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும் என்றால்: முழுமையான வழிகாட்டி

திட்ட அட்டவணை ஒரு பக்கம் "லாகின் திரை 80% முடிந்தது" என்று சொல்லும். யார் எந்த வேலைக்கு எத்தனை மணி செலவிட்டார் என்று எழுதும் டைம்ஷீட்டைத் திறந்தால், அந்தத் திரைக்கு ஒதுக்கிய மணியெல்லாம் போன வாரமே தீர்ந்திருக்கும். இரண்டும் ஒரே வேலையைப் பற்றித்தான் பேசுகின்றன, ஆனால் கணக்கு ஒத்துவராது. ஷெட்யூலிங் மென்பொருள் வாங்கினால் இது தானாகச் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆகாது. மென்பொருள் கூட்டல் கழித்தலைத்தான் செய்யும். எந்த எண்ணை எந்த வரிசையில் கொடுப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது, புதியவர்கள் தடுமாறுவதும் அந்த வரிசையில்தான்.

கீழே உள்ள பெயர்களும் நடத்தைகளும் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டை வைத்து எழுதியவை. ஜிரா போன்ற வேறு கருவி வைத்திருப்பவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம், பட்டன் இருக்கும் இடம்தான் மாறும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேலை நேரம், விடுமுறை நாட்கள், அணியில் ஒவ்வொருவரும் இந்தத் திட்டத்துக்கு வாரத்தில் உண்மையில் தரக்கூடிய மணி, டாஸ்க் பட்டியல், டைம்ஷீட்டுக்கு ஒப்புதல் தரப்போகும் ஆள். இவை ஐந்தும் எழுத்தில் இருக்கட்டும்.

மூன்றாவதில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். எல்லாரையும் 100% என்று போட்டுவிடுவதுதான் வழக்கம். ஆனால் வாரத்தில் ஒரு நாள் அளவுக்குக் கூட்டமும் மற்ற வேலைகளும் போய்விடும் ஆளை 80% என்று போடுவதுதான் நேர்மை. 40 மணி வேலை 100% ஆளுக்கு 5 நாள், 80% ஆளுக்கு 6.25 நாள். இந்த ஒன்றேகால் நாள் வித்தியாசத்தைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளவில்லை என்றால், ஒவ்வொரு வாரமும் அது "தாமதம்" என்ற பெயரில் திரும்பி வரும்.

2. எந்தத் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று முடிவு செய்யுங்கள்

விதி எளிமையானது. டாஸ்க்குகள் திட்டத்திலிருந்து டைம்ஷீட்டுக்குப் போகும். செலவான மணி டைம்ஷீட்டிலிருந்து திட்டத்துக்கு வரும். இதற்கு எதிர்த் திசையில் எதுவும் போகக் கூடாது.

டைம்ஷீட்டில் யார் வேண்டுமானாலும் புது டாஸ்க் சேர்க்கலாம் என்று விட்டால், ஒரே மாதத்தில் "பக் ஃபிக்ஸ்", "பக் ஃபிக்ஸ் 2", "சில்லறை வேலை" என்று திட்டத்தில் இல்லாத வரிகள் முளைத்துவிடும். அதேபோல மேலாளர் திட்டத்தில் நேரடியாகச் செலவான மணியைத் திருத்தினால், டைம்ஷீட்டில் ஆள் போட்ட எண் ஒன்று, திட்டத்தில் இருப்பது வேறு என்று ஆகிவிடும். அப்புறம் எதை நம்புவது?

மீதி வேலைக்கு, அதாவது டாஸ்க்கை முடிக்க இன்னும் எத்தனை மணி வேண்டும் என்ற எண்ணுக்கு, மட்டும் தனிக் கவனம் வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் வேலை செய்பவர், உறுதி செய்ய வேண்டியவர் மேலாளர். இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் எட்டாம் படி முழுவதும் இருக்கிறது.

3. கேலண்டரைச் சரி செய்யுங்கள், மணியைப் பிறகு பார்க்கலாம்

வேலை நேரம் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று கேலண்டர்: எந்த மணியிலிருந்து எந்த மணி வரை வேலை என்பது இங்கே. இன்னொன்று ஆப்ஷன்ஸில் உள்ள "ஒரு நாளைக்கு எத்தனை மணி" என்ற எண். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

உங்கள் வேலை நாள் ஏழரை மணி நேரம், கேலண்டரில் அப்படித்தான் போட்டிருக்கிறீர்கள், ஆனால் ஆப்ஷன்ஸில் பழைய 8 அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் "1 நாள்" என்று அடித்தால் மென்பொருள் அதை 480 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். கேலண்டரில் ஒரு நாளைக்கு இருப்பதோ 450 நிமிடம். மிச்சம் 30 நிமிடம் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போகும், அடுத்த டாஸ்க் அதற்கும் அரை மணி தள்ளித் தொடங்கும். இருபது டாஸ்க் தாண்டினால் ஒரு முழு நாளுக்கு மேல் காணாமல் போயிருக்கும். காரணம் எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

விடுப்பை டாஸ்க்காகப் போடாதீர்கள். அந்த ஆளின் சொந்தக் கேலண்டரில் விடுமுறையாகப் போடுங்கள். அப்போதுதான் அவருடைய வேலை அந்த நாட்களைத் தாண்டிப் போகும்.

டைம்ஷீட்டில் வாரம் ஞாயிறில் தொடங்குகிறதா, திங்களில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒன்றாக இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை செய்த வேலை தவறான வாரத்தில் போய் உட்காரும்.

4. டாஸ்க்கை மணி எழுதக்கூடிய அளவுக்கு உடையுங்கள்

8 மணிக்குக் குறையாமல், 80 மணிக்கு மேல் போகாமல் என்பது திட்ட மேலாளர்கள் பொதுவாகக் கையாளும் அளவு. அரை நாள் வேலைக்கெல்லாம் தனி வரி இருந்தால் டைம்ஷீட் போடுபவர் எதைத் தேர்வு செய்வது என்று குழம்பி, கண்ணில் பட்ட முதல் வரியில் எல்லாவற்றையும் எழுதிவிடுவார். 80 மணிக்கு மேலான டாஸ்க்கிலோ, மூன்று வாரம் கழித்துத்தான் அது பிசகியது தெரியவரும்.

ஒருவருடைய டைம்ஷீட்டில் ஒரே நேரத்தில் ஏழெட்டு வரிக்கு மேல் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது என் கணிப்புதான், ஆனால் அதைத் தாண்டிய அணிகளில் எழுதும் மணியின் தரம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

தொகுப்பு டாஸ்க்குக்கு, அதாவது பல டாஸ்க்குகளுக்குத் தலைப்பாக மேலே நிற்கும் வரிக்கு, ஆளை ஒதுக்காதீர்கள். அதிலும் மணி, அடியில் உள்ள வரிகளிலும் மணி என்று வேலை இரட்டிப்பாகும்.

5. பெயரை நம்பாமல் எண்ணால் இணையுங்கள்

டைம்ஷீட் தனி மென்பொருள், திட்டம் தனி மென்பொருள் என்றால், இரண்டிலும் உள்ள வரிகளை எதை வைத்துப் பொருத்துவது? டாஸ்க் பெயரை வைத்துப் பொருத்தவே கூடாது. யாராவது ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் தொடர்பு அறுந்துவிடும்.

வரிசை எண்ணும் வேண்டாம். ப்ராஜெக்ட்டில் இடதுபக்கம் தெரியும் 'ஐடி' வெறும் வரிசை எண். நடுவில் ஒரு வரி சேர்த்தால் அதற்குக் கீழே உள்ள எல்லாமே மாறும். 'யுனிக் ஐடி' என்று இன்னொரு நெடுவரிசை இருக்கிறது. அதைத் திரையில் வரவழைத்து, அதையே டைம்ஷீட்டில் டாஸ்க் குறியீடாகக் கொடுங்கள். டாஸ்க்கை மேலே கீழே நகர்த்தினாலும் அது மாறாது.

ஆட்களுக்கும் இதேதான். ஒரு இடத்தில் இனிஷியல் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால் இருந்தால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். ஊழியர் எண் அல்லது மின்னஞ்சல் முகவரியை வைத்துப் பொருத்துங்கள்.

மணியை எழுதும் முறையையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஏழரை மணி என்பதை ஒருவர் 7:30 என்று எழுதுவார், ஒருவர் 7.5 என்று எழுதுவார், இன்னொருவர் 7.30 என்று எழுதுவார். கடைசியில் சொன்னதை மென்பொருள் 7 மணி 18 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

6. தேதியைப் பூட்டி வைக்காதீர்கள்

மணி வந்து சேர்ந்ததும் முடியும் தேதி தானாக நகர வேண்டும். நகராமல் தடுப்பவை மூன்று.

முதலாவது, கையால் திட்டமிடும் முறை. ப்ராஜெக்ட் 2010 பதிப்பிலிருந்து புது டாஸ்க் 'மேனுவலி ஷெட்யூல்டு' என்ற நிலையில்தான் வரும், நீங்கள் மாற்றினால் ஒழிய. அந்த டாஸ்க் எதற்கும் அசையாது. எல்லாவற்றையும் 'ஆட்டோ ஷெட்யூல்டு' ஆக்குங்கள்.

இரண்டாவது, தேதியைக் கையால் அடிப்பது. தொடக்கத் தேதியை அடித்த உடனே "இதற்கு முன் தொடங்காதே" என்ற கட்டுப்பாடு சத்தமில்லாமல் சேர்ந்துவிடும். முடியும் தேதியை அடித்தால் "இதற்கு முன் முடியாதே" என்பது சேரும். டாஸ்க்குகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, தேதியை மென்பொருளே கணக்கிட விடுங்கள். கெடு இருந்தால் அதற்கென்றே 'டெட்லைன்' என்ற புலம் இருக்கிறது. அது எச்சரிக்கும், ஆனால் எதையும் பூட்டாது.

மூன்றாவது, டாஸ்க் வகை. 'ஃபிக்ஸ்டு டியூரேஷன்' (நாட்கள் மாறாது) என்று வைத்திருந்தால் மீதி வேலை கூடும்போது தேதி நகராது, அந்த ஆளின் சுமைதான் 130%, 150% என்று ஏறும். டைம்ஷீட்டோடு இணையும் டாஸ்க்குகளுக்கு 'ஃபிக்ஸ்டு யூனிட்ஸ்' (ஆளின் சதவீதம் மாறாது) அல்லது 'ஃபிக்ஸ்டு வொர்க்' (ஆளைக் கூட்டினாலும் குறைத்தாலும் மொத்த மணி மாறாது) வையுங்கள். இரண்டிலும் வேலை கூடினால் நாள் கூடும், அதுதான் நமக்கு வேண்டியது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 'ஃபிக்ஸ்டு வொர்க்'கில் இரண்டாவது ஆளைச் சேர்த்தால் மீதி வேலை இருவருக்கும் பிரியும்.

7. முதல் மணி வருவதற்கு முன் பேஸ்லைன் எடுங்கள்

பேஸ்லைன் என்பது "நாம் ஒப்புக்கொண்ட திட்டம் இது" என்ற நகல். செலவான மணி ஒன்றுகூட உள்ளே வருவதற்கு முன் எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் முதல் வாரப் பிசகும் சேர்ந்தே திட்டமாகிவிடும், அதை ஒப்பிட எதுவும் இருக்காது.

தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் பேஸ்லைனை மாற்றி எழுதாதீர்கள். வேலையின் எல்லையே மாறி, அதை எல்லாரும் ஒப்புக்கொண்டால் மட்டும் புதிதாக எடுங்கள், அதுவும் பழையதை அழிக்காமல். ப்ராஜெக்ட் மொத்தம் 11 பேஸ்லைன்கள் வரை வைத்துக்கொள்ள விடுகிறது.

8. வாரம் ஒருமுறை, இதே வரிசையில்

மொத்த வேலையும் இங்கேதான் இருக்கிறது. மேலே உள்ளதெல்லாம் ஒருமுறை செய்வது, இது வாராவாரம் செய்வது. வரிசை மாறினால் எண் தப்பாகும், அது உங்கள் கண்ணிலும் படாது. அதனால் ஒரு உதாரணத்தோடு போகலாம்.

லாகின் திரை என்ற டாஸ்க். 40 மணி, ஒரே ஆள், திங்கள் முதல் வெள்ளி வரை. வேலை நேரம் காலை 8 முதல் 12, மதியம் 1 முதல் 5. வெள்ளி மாலை அவருடைய டைம்ஷீட்டில் இந்த வரியில் 4, 6, 4, 4, 6 என்று இருக்கிறது. மொத்தம் 24 மணி.

அ) டைம்ஷீட்டை மூடுங்கள். வெள்ளி மாலை எல்லாரும் அனுப்ப வேண்டும், திங்கள் காலை ஒப்புதல் முடிய வேண்டும். ஒப்புதல் ஆகாத மணியைத் திட்டத்துக்குள் விடாதீர்கள். பாதிப் பேருடைய மணி மட்டும் வந்த திட்டம், மீதிப் பேர் வேலையே செய்யவில்லை என்று காட்டும்.

ஆ) எந்த நாள் வரைக்கும் கணக்கு என்பதைச் சொல்லும் 'ஸ்டேட்டஸ் டேட்' புலத்தில் அந்த வெள்ளிக்கிழமையைப் போடுங்கள். போடவில்லை என்றால் மென்பொருள் இன்றைய தேதியை எடுத்துக்கொள்ளும். நீங்கள் திங்கள் மதியம் உட்கார்ந்தால் ஒரு நாள் பிசகும்.

இ) செலவான மணியை அந்தந்த நாளில் போடுங்கள். இதற்கு 'டாஸ்க் யூசேஜ்' காட்சிக்குப் போய், டாஸ்க்குக்குக் கீழே ஆள் பெயர் இருக்கும் வரியில், 'ஆக்சுவல் வொர்க்' கட்டங்களில் 4, 6, 4, 4, 6 என்று நாள் வாரியாக எழுத வேண்டும். வெறுமனே டாஸ்க் வரியில் மொத்தம் 24 என்று போட்டால், மென்பொருள் தொடக்க நாளிலிருந்து நாளுக்கு 8 என்று நிரப்பிக்கொண்டே போகும்: திங்கள், செவ்வாய், புதன் முழு நாள், வியாழனும் வெள்ளியும் சும்மா இருந்தது போலக் காட்டும். இரண்டு மூன்று பேர் உள்ள டாஸ்க்கில் நிலைமை இன்னும் மோசம், ஒருவர் செய்த மணி மற்றவர் கணக்கில் ஏறும்.

கோப்பு வழியாக இறக்குமதி செய்தால், அந்த வாரத்தின் எண்ணை மாற்றி எழுதும்படி அமையுங்கள், ஏற்கெனவே உள்ளதோடு கூட்டும்படி அல்ல. நான் வேலை பார்த்த ஓர் அணியில் கூட்டும்படி அமைத்திருந்தோம். ஒரு திங்கட்கிழமை இறக்குமதி பாதியில் நின்றது, மறுபடி ஓட்டினோம். பாதி அணிக்கு மணி இரட்டிப்பானது. அதைத் தேடிப் பிரித்தெடுக்க இரண்டு நாள் ஆனது. மாற்றி எழுதும் முறையில் பத்து முறை ஓட்டினாலும் ஒரே விடைதான் வரும்.

ஈ) இப்போது, இதற்கு முன் அல்ல, மீதி வேலையைக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்கும் கேள்வி "எத்தனை சதவீதம் முடிஞ்சது?" அதற்கு வரும் பதில் எப்போதும் 80 அல்லது 90. கேட்க வேண்டியது இது: "இப்ப இருக்கிற நிலையிலிருந்து இதை முழுசா முடிக்க இன்னும் எத்தனை மணி வேணும்?" அவர் கொஞ்சம் யோசிப்பார். பாஸ்வேர்டு மறந்தால் என்ன செய்வது என்ற பகுதியை இன்னும் தொடவே இல்லை என்று நினைவு வரும். "30 மணி" என்பார்.

அந்த 30-ஐ 'ரிமெய்னிங் வொர்க்' புலத்தில் போடுங்கள். மொத்த வேலை 24 + 30 = 54 ஆகும். பேஸ்லைனைவிட 14 மணி அதிகம், அது நேர்மையான எண்.

வரிசை ஏன் முக்கியம் என்று இங்கே பாருங்கள். மீதியை முதலில் போட்டால் மொத்த வேலையே 30 ஆகிவிடும். அப்புறம் செலவான 24-ஐப் போட்டால் மென்பொருள் கழித்துவிட்டு 6 மணிதான் மீதி என்று காட்டும். நீங்கள் போட்ட இரண்டு எண்ணும் சரி, விடை தவறு.

மீதியைக் கேட்கவே இல்லை என்றால் மென்பொருள் 40 − 24 = 16 என்று தானே கழித்துக்கொள்ளும். ஜிராவிலும் மணி பதியும்போது மீதி தானாகக் குறைவதுதான் வழக்கமான அமைப்பு. இன்னும் ஆபத்தானது, ஆள் 40 மணியையும் எழுதிவிட்டால் ப்ராஜெக்ட் அந்த டாஸ்க்கை 100% முடிந்தது என்று குறித்துவிடும். திரை பாதியில் நிற்கும், அட்டவணையில் பச்சை டிக் விழுந்திருக்கும்.

'% கம்ப்ளீட்' புலத்தைக் கையால் தொடவே வேண்டாம். வழக்கமான அமைப்பில், அங்கே ஒரு எண் அடித்தால் மென்பொருள் செலவான மணியை அதற்கேற்ப மாற்றி எழுதிவிடும். டைம்ஷீட்டிலிருந்து பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த 4, 6, 4, 4, 6 போய்விடும்.

வேலை முடிந்துவிட்டது, ஆனால் 32 மணிதான் ஆனது என்றால் மீதியை 0 ஆக்க மறக்காதீர்கள். விட்டுவிட்டால் அந்த 8 மணி அடுத்த டாஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கும்.

உ) முடியாத வேலையை முன்னே தள்ளுங்கள். 'அப்டேட் ப்ராஜெக்ட்' பெட்டியில், முடியாத வேலையை ஒரு தேதிக்குப் பிறகு தொடங்கும்படி நகர்த்தும் தேர்வு இருக்கிறது. அதில் ஸ்டேட்டஸ் டேட்டைக் கொடுங்கள். போன வாரம் நடக்காத வேலை போன வாரத்திலேயே நின்றால், நடந்து முடிந்த நாட்களில் இனிமேல் வேலை செய்யப்போகிறோம் என்று திட்டம் சொல்வதாக ஆகும்.

ஊ) புதிய முடிவுத் தேதியைப் பாருங்கள். மீதியைக் கேட்காமல் விட்டிருந்தால் 16 மணி, அடுத்த செவ்வாய் மாலை முடியும் என்று காட்டியிருக்கும். கேட்டதால் 30 மணி: திங்கள், செவ்வாய், புதன் 24 போக, வியாழன் மதியம் 3 மணிக்கு முடியும்.

ஆனால் இதோடு நிறுத்தாதீர்கள். 40 மணி வாரத்தில் அவர் இதற்குத் தந்தது 24. மீதி 16 எங்கே போனது என்று அவருடைய மற்ற வரிகளைப் பாருங்கள். ஒரு வாரத்து அவசரம் என்றால் சரி. மூன்று வாரமாக இதே கதை என்றால் அவர் இந்த டாஸ்க்குக்கு 60% ஆள்தான். அப்படி மாற்றினால் 30 மணிக்கு 6.25 நாள் வேண்டும், முடிவது அதற்கும் அடுத்த வாரம் செவ்வாய் காலை 10 மணிக்கு. ஒரே டாஸ்க், ஒரே டைம்ஷீட், மூன்று விதமான தேதி. முதலாவதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு மூன்றாவதில் கொடுக்கும் அணிகளை நிறையப் பார்த்தாயிற்று. அவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்ல, இந்த இரண்டு கேள்விகளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எ) மாறிய திட்டத்தை அணிக்கு வெளியிடுங்கள். திங்கள் மதியத்துக்குள் முடித்துவிட்டால், அந்த வார டைம்ஷீட்டில் சரியான வரிகள் எல்லாருக்கும் தெரியும். புதன்கிழமை வெளியிட்டால் இரண்டு நாள் மணி பழைய வரிகளில் விழுந்திருக்கும்.

9. திட்டத்தில் இல்லாத வேலை வந்தால்

வரும், கட்டாயம் வரும். அதை இருக்கும் டாஸ்க்கிலேயே எழுதச் சொல்லாதீர்கள். லாகின் திரையில் வேறு வேலையின் 10 மணியும் ஏறினால், அடுத்த முறை இதே மாதிரித் திரைக்கு மதிப்பீடு போடும்போது அந்தப் பொய்யை நம்பித்தான் போடுவோம்.

இரண்டு மணிக்குள் முடிவது என்றால் "எதிர்பாராத வேலை" என்று ஒரு பொதுவான வரி போதும். அதற்கு மேல் என்றால் அன்றே திட்டத்தில் புது டாஸ்க், புது யுனிக் ஐடி. கூட்டம், பயிற்சி, விடுப்பு ஆகியவற்றுக்கு டைம்ஷீட்டில் தனி வரிகள் இருக்கட்டும், அவை திட்டத்துக்குள் வர வேண்டாம். ஆனால் டைம்ஷீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்கள் 40-ஐ நிரப்புவதற்காகத் திட்ட வரிகளில் மணியைப் பரப்பிவிடுவார்கள்.

10. பழைய வாரத் திருத்தம்

"மூணு வாரம் முன்னாடி தப்பா எழுதிட்டேன்" என்று ஒருவர் வந்தால் திட்டாதீர்கள், இனிமேல் சொல்லாமல் விட்டுவிடுவார். அந்த வாரத்து டைம்ஷீட்டைத் திறந்து, திருத்தி, ஒப்புதல் வாங்கி, அந்த வாரம் முழுவதையும் மறுபடி இறக்குமதி செய்யுங்கள். திட்டத்தில் மட்டும் போய்த் திருத்துவது வேகமான வழிதான், ஆனால் அடுத்த இறக்குமதியில் பழைய தவறே திரும்பி வந்து உட்காரும். திருத்திய பிறகு அந்த டாஸ்க்கின் மீதி வேலையை மறுபடி சரிபாருங்கள், செலவான மணி மாறினால் அதுவும் அசைந்திருக்கும்.

11. வாராவாரம் ஒத்துப்பார்க்க வேண்டியவை

வெளியிடுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்த வாரம் டைம்ஷீட்டில் திட்ட வரிகளுக்கு ஆன மொத்த மணியும், 'ரிசோர்ஸ் யூசேஜ்' காட்சியில் அதே வாரத்துக்கான செலவான மணியும் ஒன்றாக இருக்க வேண்டும். அணி மொத்தமாக மட்டும் பார்க்காமல் ஆள் வாரியாகப் பாருங்கள். ஒருவரிடம் 6 கூடி இன்னொருவரிடம் 6 குறைந்தால் மொத்தம் சரியாகவே தெரியும்.

அடுத்தது, முடியாத டாஸ்க் எதிலாவது மீதி வேலை ஸ்டேட்டஸ் டேட்டுக்கு முன்னால் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் எட்டாம் படியின் 'உ' விடுபட்டிருக்கிறது.

கடைசியாக, இரண்டு வாரமாக மீதி வேலை சரியாகச் செலவான மணி அளவுக்கே குறைந்துகொண்டு வரும் டாஸ்க்குகளைத் தனியாக எடுங்கள். உண்மையான மதிப்பீடு அவ்வளவு துல்லியமாக இறங்குவது அபூர்வம். அனேகமாக யாரும் யாரையும் கேட்கவில்லை, மென்பொருள்தான் கழித்துக்கொண்டிருக்கிறது. அந்த டாஸ்க்கைச் செய்பவரிடம் போய், திரையை அணைத்துவிட்டு, இன்னும் எத்தனை மணி வேண்டும் என்று நேரில் கேளுங்கள்.